கைவிட்ட மென்பொருளும் கைவிடாத உரிமையும்

கூரை சரிந்து, குடியிருப்போர் நீங்கிய பழைய லயம் ஒன்றைக் காண்பவர், அதற்கு உரியவர் எவரும் இலர் என்றே எண்ணுவர். ஆயினும் அந்நிலம் அரசுக்கோ கம்பனிக்கோ உரியதாய் ஏட்டில் பதிந்தே இருக்கும். வழக்கொழிந்த கணினி மென்பொருளின் நிலையும் இத்தகையதே.

நுவரெலியாவிலோ அட்டனிலோ பழைய கணினி ஒன்றைப் பேணும் பாடசாலை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அக்கணினியை இயக்குவது 1998இல் வெளிவந்த விண்டோஸ் 98. அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006 யூலையில் நிறுத்திவிட்டது. இனி அதனை விரும்பியவாறு படியெடுத்து வழங்கலாம் என்று சிலர் கூறுவர். அது தவறு. ஆதரவை நிறுத்தியமையால், பிழை திருத்தித் தரும் பணியையே நிறுவனம் விட்டது. படியெடுக்கும் உரிமையைப் பிறர்க்கு ஈந்துவிடவில்லை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நூலைக் காப்பது போலவே கணினி நிரலையும் காக்கின்றது. ஒரு படைப்பு கடையில் கிடைக்கின்றதா என்று அச்சட்டம் வினவுவதில்லை. அது எண்ணுவது ஆண்டுகளையே. ஆக்கியோனின் வாழ்நாளும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும் என்பது பொதுவிதி.

மலைநாட்டு எழுத்தாளர் இருவரைக் கொண்டு இதனைத் தெளியலாம். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கம் நிறுவிய கோ. நடேசய்யர் 1947இல் மறைந்தார். 2017 முடிவோடு 70 ஆண்டுகள் நிறைவுற்றமையால், அவர் எழுதிய நூல்களை இன்று எவரும் மறுபதிப்புச் செய்யலாம். பூண்டுலோயாவின் மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். அவர் நூல்களின் உரிமை 2054 முடியும்வரை உண்டு. இருவர் நூல்களின் பழைய பதிப்புகளும் ஒரே அலுமாரியில் தூசி படிந்து கிடப்பினும், சட்டத்தின் முன் அவை வெவ்வேறு நிலையின.

எனினும் சட்டம் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடவில்லை. மென்பொருளை முறையாகப் பெற்றவர், அது தொலைந்தாலோ பழுதுற்றாலோ உதவுமாறு தமக்கென ஒரு படி எடுத்துவைக்கலாம். ஊதியம் கருதாத நூலகம், அழிந்த நூலுக்கு ஈடாக வேறொன்றை நியாயமான முறையிற் பெற இயலாதவிடத்து, ஒரு படி எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் 2006இல், வழக்கொழிந்த வடிவிலுள்ள நிரல்களின் பூட்டைக் காப்பகங்கள் பேணுதற்பொருட்டுத் திறப்பதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. இவையாவும் பாதுகாத்தற்கு அமைந்த சலுகைகள்; பலர்க்கும் பகிர்ந்தளித்தற்கு அல்ல.

இங்கேதான் இடர் எழுகின்றது. சட்டம் 70 ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கின்றது. மலைநாட்டின் ஈரக்காற்றில் நெகிழ்வட்டும் காகிதமும் அத்துணைக் காலம் காத்திருப்பதில்லை. பூஞ்சணம் படிந்த வட்டில் உள்ளதை, உரிமைக்காலம் முடிந்தபின் எவராலும் மீட்க இயலாது. ஆதலின், சட்டம் இடந்தரும் ஒரு படியை இன்றே எடுத்துவைத்தல் வேண்டும். பலர்க்கும் வழங்க விரும்புவோர், உரியவரைத் தேடிக் கடிதமொன்றால் இசைவு கேட்டல் வேண்டும். கேட்ட கடிதத்தையும் வந்த மறுமொழியையும் படியோடு சேர்த்து வைத்தால், பின்வருவோர்க்கு அதுவே சான்றாகும்.