விடுப்பா, பயிற்சியா?

பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையொன்றை நீங்கள் நடத்தி வருகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். கணிப்பொறியில் பில் போடும் புதிய முறையைக் கற்பிக்க வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார். இரண்டே நாட்கள்தாம் தங்குவார். அதே நாட்களில், தங்கையின் நிக்காஹுக்காகக் கணக்கர் விடுப்புக் கேட்டு நிற்கிறார். என்ன செய்வீர்கள்?

"முதல் நாள் இரவு போனால் போதாதா?" என்றுதான் முதலாளிமார் பலரும் கேட்கின்றனர். அண்ணன் இல்லாமல் அந்த வீட்டில் பந்தற்காரரிடமும் சமையற்காரரிடமும் யார் பேசுவது? தம் வீட்டுத் திருமணமென்றால் மட்டும் இவர்கள் ஒரு வாரம் கடைப்பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை!

விடுப்பு முதலாளி இடும் பிச்சையன்று. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஊதியத்துடன் 12 நாட்கள் விடுமுறை, அதற்கு மேல் நோய்க்கெனத் தனியே 12 நாட்கள், தக்க காரணங்களுக்கென 12 நாட்கள் என்று 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டமே வகுத்தது. எந்த நாட்களில் என்பதில்தான் பிணக்கு எழுகிறது.

நம்மவர் கடைகளில் பிறைக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ரமளான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்தள்ளி வரும். 2030இல் ஜனவரியில் ஒரு ரமளானும் டிசம்பர் இறுதியில் மற்றொரு ரமளானும் தொடங்கும். ஆகவே சென்ற ஆண்டின் விடுப்புப் பட்டியலைப் பார்த்து எழுதுவது பயன்படாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே அனைவரையும் உட்கார வைத்து, யார் வீட்டில் நிக்காஹ், யார் மனைவிக்குப் பேறுகாலம், யார் ஹஜ்ஜுக்குச் செல்கிறார் என்று கேட்டறியுங்கள். பயிற்சிக்குரிய நாளை அதன் பிறகே குறியுங்கள்.

இதைவிடப் பெரிய குறையொன்று உண்டு. "அவர் இல்லாவிட்டால் கடை ஓடாது" என்று ஒருவரைப் புகழ்கிறோம். அந்தப் புகழுக்கு அவர் கொடுக்கும் விலை, பிள்ளை பிறந்த நாளிலும் கல்லாவில் அமர்ந்திருப்பது. வேலை அவர் ஒருவருக்கே தெரியும், வேறெவருக்கும் கற்பிக்கப்படவில்லை. வங்கிகளின் வழக்கத்தைப் பாருங்கள். பொறுப்பு மிக்க பணியிலிருப்போரை ஆண்டுக்கொரு முறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்கள் விடுப்பில் அனுப்ப வேண்டுமென 2021இல் ரிசர்வ் வங்கி பணித்தது. தவறுகள் மறைந்து கிடப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆயினும் பிறர் அவ்வேலையைச் செய்தாக வேண்டிய நிலையும் அதனால் உண்டாகிறது.

உங்கள் கடைக்கும் இது பொருந்தும். விடுப்பில் செல்பவர், செல்லுமுன் ஒரு வாரம் உதவியாளரைப் பக்கத்தில் அமர்த்திக் கற்பிக்கட்டும். கணக்கர் நிக்காஹுக்குச் சென்றுவரட்டும். அந்த இரண்டு நாள் பயிற்சியில் உதவியாளர் உட்காரட்டும். திரும்பியதும் கணக்கருக்கு அவரே சொல்லிக் கொடுக்கட்டும். கற்பிக்கும்போதுதான் ஐயங்கள் வெளிப்படும். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இது நன்கு தெரியும்.

பயிற்சிக்கு வரவில்லை என்பதற்காகக் கணக்கரின் ஊதிய உயர்வில் மட்டும் கைவைத்துவிடாதீர்கள். வைத்தால், அடுத்த முறை எவரும் முன்கூட்டி உண்மைக் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். பயிற்சி நாளன்று காலையில், "காய்ச்சல்" என்று தொலைபேசிதான் வரும்.