புத்தாண்டு நள்ளிரவில் மாயமான டி.என்.ஏ.! 20 கோடி டாலருக்கு முடிந்த வழக்கு

1978-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம் புத்தாண்டை வரவேற்கத் தயாராகிக் கொண்டிருந்தது.

ஊரே கொண்டாட்டத்தில் இருந்த அந்த நள்ளிரவில், கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்துக்குள் ஒருவர் நுழைந்தார். பெயர் பீட்டர் சீபர்க். ஜெர்மனிக்காரர். அதே கூடத்தில் வேலை பார்த்து விட்டு, "ஜெனன்டெக்" என்ற கம்பெனிக்கு மாறிய விஞ்ஞானி.

பணத்தையோ நகையையோ அவர் தொடவில்லை. அங்கிருந்த டி.என்.ஏ. மாதிரிகளை எடுத்துக்கொண்டு கிளம்பி விட்டார். "நான் பாடுபட்டு உருவாக்கியது, எனக்கும் உரிமை உண்டு" என்பது அவர் எண்ணம்.

கண்ணுக்கே தெரியாத இந்தச் சரக்கில் அப்படி என்ன இருந்தது?

பிணத்தில் இருந்து மருந்து

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. பிள்ளைகள் உயரமாக வளர்வதற்கான ஹார்மோன் அதில்தான் சுரக்கிறது. அது சுரக்காவிட்டால் வளர்ச்சி நின்று விடும்.

சர்க்கரை நோய்க்கான இன்சுலினை மாடு, பன்றியில் இருந்து எடுத்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் விஷயத்தில் அந்த ஜம்பம் பலிக்கவில்லை. மாட்டு ஹார்மோன் மனிதனிடம் வேலை செய்யாது. எனவே செத்துப்போனவர்களின் தலையைத் திறந்து, சுரப்பியை எடுத்து, அதில் இருந்து மருந்து தயாரித்தார்கள். ஒரு பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கவே டஜன் கணக்கில் சுரப்பிகள் வேண்டும். எத்தனை பிணத்துக்குப் போவது?

கிருமிக்கு வேலை

இங்கேதான் பாக்டீரியா வந்தது. இந்த ஹார்மோன் ஒரு புரதம். 191 அமினோ அமிலங்கள் சங்கிலி போலக் கோர்த்தது. எதற்குப் பின் எது என்ற உத்தரவு டி.என்.ஏ.வில் எழுதி இருக்கிறது. அந்த உத்தரவை, நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவுக்குள் புகுத்தி விட்டால் போதும். தன்னுடையது என்று நினைத்து அது ஹார்மோனைத் தயாரித்துத் தள்ளும்!

பாக்டீரியாவுக்குள் வளையம் போல ஒரு சின்ன டி.என்.ஏ. உண்டு. பிளாஸ்மிட் என்று பெயர். அதை ஒரு என்சைமால் வெட்டி, மனித உத்தரவை நடுவில் வைத்து, இன்னொரு என்சைமால் ஒட்டி, திரும்ப உள்ளே அனுப்புவார்கள். ஈ.கோலி 20 நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். கணக்குப்படி 7 மணி நேரத்தில் ஒன்று 20 லட்சம்!

1979-ல் ஜெனன்டெக் இதைச் சாதித்துக் காட்டியது. சங்கிலியின் முதல் 24 கண்ணிகளுக்கான டி.என்.ஏ.வை ரசாயன முறையில் செய்தார்கள். மீதிக்கு, மனிதச் சுரப்பியில் இருந்து நகல் எடுத்த டி.என்.ஏ. அந்த மீதி எங்கிருந்து வந்தது? பின்னால் வெடித்த தகராறே அதுதான்.

இளைஞர்கள் சாவு

அதற்குள் இன்னொரு அதிர்ச்சி. பிணத்து மருந்தை ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்த இளைஞர்கள் சிலர், மூளை கடற்பாசி போல ஓட்டை விழும் குரோயிட்ஸ்பெல்ட்-ஜேக்கப் நோயில் செத்தார்கள். ஏராளமான சுரப்பிகளை ஒன்றாகக் கலந்து மருந்து எடுத்ததில், அந்த நோயால் செத்தவர்களின் சுரப்பியும் சேர்ந்து விட்டது. உள்ளே போன விஷம் பல வருஷம் பதுங்கி இருந்தது. உலகம் முழுவதும் 200-க்கு மேற்பட்டவர்கள் பலி. பிரான்சில்தான் அதிகம்.

அமெரிக்காவில் 1985 ஏப்ரலில் பிணத்து மருந்தை நிறுத்தினார்கள். ஊசிக்குக் காத்திருந்த பிள்ளைகளின் பெற்றோர் என்ன செய்வார்கள்? அக்டோபரில், பாக்டீரியா தயாரித்த ஜெனன்டெக் மருந்துக்கு அரசு அனுமதி கிடைத்தது. பிணத்தின் சம்பந்தம் இல்லாததால் அந்த நோய்ப் பயமும் இல்லை. கம்பெனிக்குப் பணம் கொட்டியது.

சாட்சிக்கூண்டில் பரபரப்பு

பல்கலைக்கழகம் சும்மா இருக்குமா? 1982-லேயே பேட்டன்ட் வாங்கி இருந்தது. 1990-ல் வழக்குப் போட்டது.

1999-ல் சான்பிரான்சிஸ்கோ கோர்ட்டில் விசாரணை. சாட்சிக்கூண்டில் ஏறிய சீபர்க் குண்டைத் தூக்கிப் போட்டார். நள்ளிரவில் எடுத்த டி.என்.ஏ.வைத்தான் கம்பெனி பயன்படுத்தியது, விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியான கட்டுரையில் அதை மறைத்து விட்டோம் என்றார். அவரோடு வேலை பார்த்த டேவிட் கோடெல் அடியோடு மறுத்தார். "எங்கள் சரக்கு எங்களுடையது" என்று கம்பெனியும் சாதித்தது.

ஜூரிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. மறு விசாரணை வருமுன், அந்த நவம்பரிலேயே ராஜி. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 20 கோடி டாலர் கொடுக்கக் கம்பெனி சம்மதித்தது.

அதில் 15 கோடி பேட்டன்ட் கணக்குக்கு. கண்டுபிடித்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பட்டியலில் சீபர்க் பெயரும் இருந்தது!

மீதி 5 கோடி பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக் கட்டிடம் கட்ட. மிஷன் பே பகுதியில் அது எழுந்தது. அதற்கு வைத்த பெயர் "ஜெனன்டெக் ஹால்".