கைக்கடிகாரம் கறுப்பது ஏன்?

மலிவு விலையில் வாங்கிய கைக்கடிகாரம் முதல் சில மாதங்கள் கண்ணாடிபோல் பளபளக்கிறது. பிறகு ஒருநாள் கழற்றிப் பார்த்தால், பட்டை மாட்டும் காதுகளின் அடிப்புறத்தில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. நாளடைவில் அது படர்ந்து, பச்சைக் களிம்பு ஏறி, மணிக்கட்டிலும் கறை படிகிறது. பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருக்கிறதே, அது பொய்யா? பொய்யன்று. ஆனால் அந்த வாசகம் பின்மூடியை மட்டுமே குறிக்கும். மலிவான கடிகாரங்களில் எஞ்சிய கூடு பெரும்பாலும் பித்தளை அல்லது துத்தநாகக் கலவையாகும். நாம் காணும் பளபளப்பு மேலே பூசிய முலாமே.

இந்த முலாம் எவ்வளவு தடிமன்? பித்தளையின் மீது முதலில் நிக்கல் படிய வைக்கிறார்கள். அது பொதுவாக 5 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். (1 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அதன்மேல் வரும் குரோமியம் அரை மைக்ரான்கூட இராது, தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு! குரோமியத்தின் மேற்பரப்பில் காற்றுப் பட்டவுடன் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிவிடுவதால் அது மங்குவதில்லை.

அப்படியானால் கெடுவது எது?

இவ்வளவு மெல்லிய குரோமியப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் வெடிப்புகளும் இருந்தே தீரும். வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் உள்ளன. எனவே அது மின்சாரத்தைக் கடத்தும் திரவம். துளைக்குள் வியர்வை புகுந்தவுடன், குரோமியமும் நிக்கலும் சேர்ந்து ஒரு சின்னஞ்சிறு மின்கலமாகிவிடுகின்றன. இதில் நிக்கல் கரைகிறது, குரோமியம் கரைவதில்லை. பரந்த குரோமியப் பரப்பின் மின்னோட்டம் முழுவதும் ஊசிமுனை அளவான நிக்கலில் குவிவதால், துளை விரைவில் ஆழமாகிப் பித்தளையைத் தொடுகிறது. பித்தளையிலுள்ள செம்பு கரைந்து உருவாகும் உப்புகளே பச்சைக் களிம்பு.

துத்தநாகம் பூசிய இரும்பு வாளியை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் கீறல் விழுந்தாலும், துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. குரோமிய முலாமோ முழுமையாக இருக்கும்வரையில்தான் காவல். துளை விழுந்தபின் அதுவே அரிப்பைத் தூண்டுகிறது. இதனால் பொறியியலாளர்கள் ஒரு விந்தையான வழியைக் கையாளுகிறார்கள். குரோமியத்தில் சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கான நுண்வெடிப்புகளை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். மின்னோட்டம் பல இடங்களுக்குப் பங்கிடப்படுவதால் எந்த ஓரிடமும் ஆழமாக அரிபடுவதில்லை. கார்களின் முலாம் பூசிய பாகங்களில் இம்முறை பயன்படுகிறது.

இது அழகைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று. கரைந்து வெளிவரும் நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். ஐரோப்பிய நாடுகள் 1994இல் இயற்றிய விதிப்படி, தோலில் நீண்ட நேரம் படும் பொருள்களிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டரில் வாரத்திற்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக்கூடாது. பூச்சு உள்ளவற்றில், அப்பூச்சு குறைந்தது இரண்டு ஆண்டுகள் இக்காவலைத் தரவேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? மின்சாரம் கடத்தாத ஒளிபுகும் பூச்சு ஒன்று வியர்வையை உலோகத்திலிருந்து பிரித்துவிட்டால் மின்கலம் இயங்காது. நிறமற்ற நெயில் பாலிஷ் இத்தகைய பூச்சே. கடிகாரம் புதிதாக இருக்கும்போதே தோலில் படும் பகுதியைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்கு உலர்த்தி, மெல்லியதாக இரண்டு முறை பூசலாம். களிம்பு ஏறிய இடத்தின் மேல் அப்படியே பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டு அரிப்பு தொடரும். சாவித் திருகிலும் கண்ணாடியிலும் பாலிஷ் படக்கூடாது. பிளாஸ்டிக் கண்ணாடி அதிலுள்ள கரைப்பானால் மங்கிவிடும். இப்பூச்சு உராய்வில் தேய்வதால் அவ்வப்போது புதுப்பிக்கவேண்டும். ஏற்கெனவே தோலில் தடிப்பு இருந்தால், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுவதே முறை.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. இரவில் கடிகாரத்தைக் கழற்றியதும் ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்ந்த துணியால் மறுமுறையும் துடைத்து வையுங்கள். வியர்வை உப்பு நீங்கிவிட்டால், அந்தச் சிறு மின்கலத்திற்கு வேலையில்லை.