பாதாம் பிஸ்கட்டும் தேயிலை பிஸ்கட்டும்: வீட்டிலேயே செய்வோம், அளவறிந்து உண்போம்

சீனப் புத்தாண்டு நெருங்கும்போது சிங்கப்பூர், மலேசியக் கடைத்தெருக்களில் சிவப்பு மூடியிட்ட புட்டிகள் அடுக்கடுக்காக வந்து நிற்கின்றன. அன்னாசி டார்ட், நிலக்கடலை பிஸ்கட் ஆகியவற்றுக்கு நடுவே, வாயில் இட்டவுடன் பொடியாக உதிரும் பாதாம் பிஸ்கட்டுக்குத் தனி இடம் உண்டு. அண்டை வீட்டுச் சீன நண்பர் அன்போடு நீட்டும் அந்தப் புட்டியைப் பெற்றுக்கொள்ளும் நம்மவர் பலருக்கு உடனே ஓர் ஐயம் எழுகிறது: "டாக்டர், இதை நான் சாப்பிடலாமா?"

பண்டிகைக் காலத்தில் நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவில் நான் மிகுதியாகக் கேட்கும் வினா இதுவே. "கூடாது" என்று ஒரு சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால் அந்த ஒரு சொல்லால் விளையும் தீங்கும் உண்டு. எழுபது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இனிப்பை மறுத்து மறுத்துச் சலித்துப்போய், நாற்பது ஆண்டுகாலத் தோழியின் வீட்டுக்குப் புத்தாண்டன்று செல்வதையே நிறுத்திவிட்டார். அவருடைய இரத்தச் சர்க்கரை அளவு அதனால் குறைந்துவிடவில்லை, தனிமைதான் கூடியது. மற்றொரு சாரார் குடும்பத்தாருக்குத் தெரியாமல், எண்ணிக்கையின்றி உண்டுவிட்டு, பின்னர் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கண்டு கலங்குகின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பிஸ்கட்டை வீட்டில் நாமே செய்வதும், அதில் என்ன இருக்கிறது என்பதைக் கிராம் கணக்கில் அறிந்து உண்பதுமே அவ்வழி.

பெயரில் பாதாம், உள்ளே என்ன?

சீன மொழியில் இப்பண்டத்தின் பெயரில் வரும் 'சிங்ரென்' என்னும் சொல் அடிப்படையில் ஏப்ரிகாட் பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பையே குறிக்கும். நாம் அறிந்த பாதாமும் வழக்கில் அதே பெயரால் அழைக்கப்படுகிறது. மக்காவ் நகரில் புகழ்பெற்ற பாதாம் பிஸ்கட், பச்சைப்பயறு மாவைச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து, மர அச்சில் அழுத்தி எடுத்துச் சுடப்படுவது. நம் வீடுகளில் செய்யும் பயற்றம்மாவு உருண்டையை உண்டவர்களுக்கு அதன் சுவை அந்நியமாகத் தோன்றாது. நம் ஊரில் புத்தாண்டுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் மைதா மாவும் பொடித்த பாதாமும் எண்ணெயும் கலந்த வகை. பழைய முறையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. ஆகவே, வெளியில் வாங்குவோர் உறையிலுள்ள விவரத்தைப் படித்தறிவது நலம்.

பெயர்க் குழப்பத்தால் நேரக்கூடிய ஓர் ஆபத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சீன மருந்துக் கடைகளில் ஏப்ரிகாட் பருப்பு இனிப்பு, கசப்பு என இரு வகையாக விற்கப்படுகிறது. கசப்பு வகையில் அமிக்டலின் என்னும் பொருள் மிகுதி. அது உடலுக்குள் சயனைடு நஞ்சாக மாறும். மூன்று சிறிய பச்சைப் பருப்புகளுக்கு மேல் ஒரு வேளையில் உண்டாலே பெரியவர்களுக்குப் பாதுகாப்பு வரம்பு மீறப்படலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்தது. மணம் கூடுதலாக இருக்கும் என்று கருதிக் கசப்புப் பருப்பை வாங்கி அரைத்துச் சேர்க்காதீர்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் வழக்கமான பாதாமே போதும்.

செய்முறை

36 சிறிய பிஸ்கட்டுகளுக்கான அளவு இது. பாதியைப் பாதாம் பிஸ்கட்டாகவும் மறுபாதியைத் தேயிலை பிஸ்கட்டாகவும் செய்யலாம்.

மைதா மாவு 150 கிராம். பாதாம் 100 கிராம். பொடித்த சீனி 70 கிராம். தவிட்டெண்ணெய் அல்லது சோள எண்ணெய் 100 மில்லிலிட்டர். சமையல் சோடா கால் தேக்கரண்டி. உப்பு கால் தேக்கரண்டி. மேலே பதிக்கப் பாதியாகப் பிளந்த பாதாம் 18 துண்டுகள். மேலே பூச ஒரு முட்டையின் மஞ்சள் கரு. சைவ உணவினர் முட்டைக்குப் பதிலாகச் சிறிது பால் பூசலாம். தேயிலை பிஸ்கட்டுக்குச் சீனப் பச்சைத் தேயிலையோ மல்லிகைத் தேயிலையோ 3 கிராம், அதாவது பொடித்தபின் ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி.

முதலில் பாதாமை 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் வறுத்து, முற்றிலும் ஆறவிடுங்கள். சூடாக அரைத்தால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். ஆறியபின் இரண்டு மேசைக்கரண்டி மைதாவையும் உடன் சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டிப் பொடியுங்கள். தேயிலையைத் தனியே நன்கு பொடித்துச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்காவிட்டால் பல்லில் நறநறக்கும்.

மீதி மைதா, பாதாம் பொடி, சீனி, சோடா, உப்பு அனைத்தையும் சலித்துக் கலந்து, கலவையை எடைபோட்டு இரு சம பாகமாகப் பிரியுங்கள். ஒரு பாகத்தில் தேயிலைப் பொடியைச் சேருங்கள். ஒவ்வொரு பாகத்திலும் எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி விரல் நுனியால் கலந்து வாருங்கள். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். அப்பதம் வந்ததும் எண்ணெயை நிறுத்திவிடலாம். சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசையாதீர்கள். அவ்வாறு பிசைந்தால் மாவிலுள்ள பசைத்தன்மை இறுகி, பிஸ்கட் உதிராமல் கடினமாகிவிடும்.

மாவை மூடி இருபது நிமிடம் வைத்தபின், ஒவ்வொன்றும் 11 அல்லது 12 கிராம் எடையில் சிறு நெல்லிக்காய் அளவு உருட்டுங்கள். உருண்டைகளைப் பேக்கிங் தாள் விரித்த தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, லேசாகத் தட்டையாக்குங்கள். பாதாம் பிஸ்கட்டின்மேல் மஞ்சள் கருவைப் பூசி, பாதாம் துண்டைப் பதித்து, முன்னரே சூடாக்கிய ஓவனில் 170 பாகை வெப்பத்தில் 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள். தேயிலையின் பசுமையும் மணமும் கருகாமலிருக்க, அந்த வகையை 160 பாகையில் 18 முதல் 20 நிமிடம் சுடலாம். ஓவனிலிருந்து எடுத்தவுடன் பிஸ்கட் மிருதுவாக இருக்கும், தொட்டால் உடையும். தட்டிலேயே ஆறவிட்டு, பின்னர் காற்றுப் புகாத புட்டியில் அடையுங்கள்.

ஒரு பிஸ்கட்டில் என்ன இருக்கிறது?

மேற்கண்ட அளவின்படி ஒரு பிஸ்கட்டில் ஏறத்தாழ 60 முதல் 65 கலோரியும் ஐந்தரைக் கிராம் மாவுச்சத்தும் உள்ளன. அந்த ஐந்தரைக் கிராமில் சீனியின் பங்கு இரண்டு கிராமுக்கும் குறைவு; மைதாவின் பங்கு மூன்று கிராம். ஆகவே, "சீனி சேர்க்காதது" என்று எழுதிய பிஸ்கட்டைக் கணக்கின்றி உண்ணலாம் என்னும் எண்ணம் தவறானது. சீனி நீங்கினாலும் மைதா நீங்குவதில்லை. குடலுக்குள் சென்றபின் அதுவும் சர்க்கரையாகவே மாறுகிறது.

இரண்டு பிஸ்கட்டுகளின் மாவுச்சத்து ஏறத்தாழ மூன்று மேசைக்கரண்டி சோற்றுக்குச் சமம். சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் மதிய உணவில் அந்த அளவு சோற்றைக் குறைத்துக்கொண்டு, உணவின் முடிவில் இரண்டு பிஸ்கட் உண்ணலாம். வெறும் வயிற்றில் தேநீருடன் கொறிப்பதைவிட இது நல்லது. இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் உங்கள் உடல் அதை எவ்வாறு ஏற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இன்சுலின் அளவையோ மாத்திரையையோ நீங்களாக மாற்றாதீர்கள். விருந்தை எண்ணி வேளை உணவைத் தவிர்ப்பதும் வேண்டாம்.

சீனர் மரபில் நல்லவை இரண்டிரண்டாக வரும் என்பார்கள். புத்தாண்டில் மாண்டரின் ஆரஞ்சைக்கூட இணையாகவே பரிமாறிக்கொள்வர். நான்கு என்னும் எண்ணின் ஒலி இறப்பைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருப்பதால் அதனை விலக்குவர். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கை என்னாலும் எழுதித்தர இயலாது.

ஒன்றை மறவாதீர்கள். இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்து வியர்வை, நடுக்கம், படபடப்பு ஏற்பட்டால் இந்தப் பிஸ்கட் மருந்தாகாது. இதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். அப்போது மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.

யார், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரக நோயாளிகள்: பாதாமில் பொட்டாசியமும் பாஸ்பரசும் உண்டு. ஆயினும் இந்த அளவில் ஒரு பிஸ்கட்டில் பொட்டாசியம் 30 மில்லிகிராமுக்கும் குறைவு. பாஸ்பரஸ் ஏறத்தாழ 20 மில்லிகிராம். பருப்பிலுள்ள பாஸ்பரஸ் முழுமையாக உடலில் சேர்வதில்லை. பேக்கிங் பவுடர் பலவற்றில் உள்ள பாஸ்பேட்டோ பெருமளவு சேர்ந்துவிடும். இச்செய்முறையில் பேக்கிங் பவுடரைத் தவிர்த்துச் சமையல் சோடாவை மட்டும் சேர்த்ததற்கு இதுவே காரணம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தங்கள் உணவியல் நிபுணரிடம் காட்டி எண்ணிக்கையை முடிவு செய்க.

தேயிலையும் மருந்துகளும்: நம் 'தேயிலை'யில் உள்ள 'தே' சீனத்தின் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்த சொல்; அந்த அளவுக்கு நமக்கு நெருங்கிய பொருள்தான். ஒரு தேயிலை பிஸ்கட்டில் ஆறில் ஒரு பங்கு கிராம் இலையே உள்ளது. ஆகவே அதன் காஃபீன் மிகக் குறைவு. ஆனால் பிஸ்கட்டுடன் அருந்தும் தேநீரைக் கணக்கில் கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்பவர்கள் அதற்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரமேனும் இடைவெளி விடுக. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டுமே விழுங்குக. வார்ஃபரின் உட்கொள்பவர்களுக்கு ஓரிரு தேயிலை பிஸ்கட்டால் இடரில்லை. பச்சைத் தேயிலைப் பொடியை நாள்தோறும் மிகுதியாக உண்ணும் வழக்கம் இருந்தால் மருத்துவரிடம் கூறுக. இலையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் செயலைக் குறைக்கக்கூடும்.

விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர்கள்: பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு விழுங்கும் திறன் குறைந்திருக்கும். உதிரும் பிஸ்கட்டின் துகள்கள் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். வார்டில் இருக்கும் அப்பாவுக்கோ பாட்டிக்கோ ஆசையாகக் கொண்டுவரும் குடும்பத்தார், ஊட்டுவதற்கு முன் செவிலியரிடமோ பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரிடமோ கட்டாயம் கேளுங்கள்.

குழந்தைகளும் ஒவ்வாமையும்: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மேலே பதித்த பாதாம் துண்டை நீக்கிவிட்டுக் கொடுங்கள், அது தொண்டையில் அடைக்கக்கூடும். பருப்பு வகை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு அன்பின் மிகுதியால் நேரடியாகப் பகிர வேண்டாம்.

புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுபவர்கள்: சுட்ட பிஸ்கட்டை உண்ணத் தடையில்லை. பிசைந்த மாவைச் சுவை பார்ப்பது மட்டும் வேண்டாம். வேகாத முட்டையில் மட்டுமன்றி, வேகாத மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். மாவைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

புட்டியின்மேல் ஒரு சீட்டு

செய்து முடித்தபின் புட்டியின்மேல் ஒரு சிறு தாளை ஒட்டி நான்கு செய்திகளை எழுதுங்கள்: செய்த நாள், 'பாதாம், கோதுமை, முட்டை உள்ளது' என்னும் குறிப்பு, ஒரு பிஸ்கட்டின் மாவுச்சத்து ஐந்தரைக் கிராம், ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டு. புட்டியை மேசைமேல் திறந்து வைக்காமல், வேண்டியதை மட்டும் தட்டில் எடுத்து வையுங்கள். கை தானாக நீள்வதைத் தடுக்க இதைவிட எளிய உபாயம் வேறில்லை.

அடுத்த சீனப் புத்தாண்டுக்கு நண்பர் வீட்டுக்குச் செல்லும்போது இப்படி ஒரு புட்டியை நீங்களே எடுத்துச் செல்லலாம். அந்த வீட்டிலும் நீரிழிவுள்ள ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கக்கூடும். புட்டியில் ஒட்டிய சீட்டு அவர்களுக்கும் பயன்படும்.