விபத்தும் ஈட்டுத்தொகையும்: தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

கோயில் அலுவலகத்துக்கு வருவோர் பெரும்பாலும் அர்ச்சனைச் சீட்டுக்கோ திருமணத் தேதி குறிக்கவோ வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்களோடு வந்தார். அவருடைய கணவர் என்னிடம் படித்தவர். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். குத்தகையாளர் 5,000 வெள்ளி தருவதாகவும், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் ஒப்பமிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். "சார், கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

பையிலிருந்த சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருந்தது. "வேண்டாம் அம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதே இக்கட்டுரை.

நம் நாட்டில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதில்லை. அது கூட்டரசின் பொறுப்பு. 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ (பெர்க்கெசோ) 1971-இல் இயங்கத் தொடங்கியது. இச்சட்டம் ஒரு கையால் கொடுத்து, மறு கையால் எடுக்கிறது. முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்காமலேயே ஈட்டுத்தொகை கிடைக்கும். ஆனால் 31-ஆவது பிரிவின்படி, அதே விபத்துக்காக முதலாளி மீது நட்டஈட்டு வழக்குத் தொடுக்க முடியாது. வெளியார் ஒருவரின் தவறு காரணமாக இருந்தால் வழி இருக்கலாம். வழக்கறிஞரைக் கேட்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு. நாளொன்றுக்குச் சராசரி 60 வெள்ளி ஈட்டியவர் வேலையில் இறந்தால், சார்ந்தோருக்கு அதில் 90 விழுக்காடு, அதாவது 54 வெள்ளி. ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. மாதம் ஏறத்தாழ 1,620 வெள்ளி. குத்தகையாளர் நீட்டிய 5,000 மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்!

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கோ நெடுங்காலம் இந்தப் பாதுகாப்பு இல்லை. 1993 ஏப்ரலில் அவர்கள் சொக்சோவிலிருந்து விலக்கப்பட்டு, 1952-ஆம் ஆண்டு தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டனர். அதில் மரணத்துக்கு 60 மாதச் சம்பளம் அல்லது 18,000 வெள்ளி, எது குறைவோ அது. மேற்சொன்ன கணக்கில் அது பதினோரு மாதப் பணம்தான்.

நம் பினாங்கு இதைக் கண்ணால் கண்டது. 2017 அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண்சரிந்து 11 பேர் மாண்டனர். 2018 அக்டோபர் 19-இல் புக்கிட் குக்குஸ் சாலைப் பணியில் வெளிநாட்டுத் தொழிலாளர் 9 பேர் மாண்டனர். அதற்கு 74 நாள் கழித்து, 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். அந்த ஒன்பது குடும்பங்களுக்கு அது பயன்படவில்லை.

அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில. விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்; வேலையில் அடிபட்டது என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். சம்பளச் சீட்டு, மருத்துவ விடுப்புச் சான்று, உடன் வேலை செய்தோரின் பெயர் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். முதலாளி சந்தா கட்டவில்லை என்றாலும் மனம் தளராதீர்கள்; கட்ட வேண்டியது அவர் கடமை, கோருவது உங்கள் உரிமை. சொந்தமாகச் சிறு குத்தகை எடுப்போர் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தாமே பதிந்துகொள்ளலாம்.

அந்தப் பெண்மணி ஒப்பமிடவில்லை. சொக்சோ அலுவலகத்துக்கு நானும் உடன் சென்றேன். இப்போது மாதாமாதம் பணம் வருகிறது. மூத்த மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். போன உயிருக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. ஆயினும் இருப்பவர்கள் பிழைக்க வேண்டுமல்லவா? துயரம் நேர்ந்த வீட்டில் யாராவது தாளை நீட்டினால், ஒப்பமிடுமுன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கோயில் அலுவலகத்துக்கு வந்தாலும் சரியே.