தக்காளி பூமுனை அழுகல்

பூமுனை அழுகல் அல்லது நுனி அழுகல் என்பது தக்காளிக் காயின் அடிப்பகுதி கருத்து, குழிந்து, கெட்டுப்போகும் ஓர் உடலியங்கியல் குறைபாடு ஆகும். காம்புக்கு எதிர்ப்புறத்தில், பூவின் சூல்தண்டு உதிர்ந்த முனையே பூமுனை எனப்படுகின்றது. அழுகல் என்று பெயர் பெற்றிருந்தாலும் இது பூஞ்சை, பாக்டீரியா, வைரசு ஆகியவற்றால் ஏற்படுவதன்று. செடிக்குச் செடி தொற்றுவதும் இல்லை. வளரும் காயின் நுனிக்குப் போதிய கால்சியம் சென்று சேராமையே இதன் முதன்மைக் காரணமாகக் கருதப்படுகின்றது. மண்ணில் கால்சியம் நிறைந்திருக்கும்போதும் இது தோன்றக்கூடும். எனவே வீட்டுத் தோட்டங்களில் இதனைத் தடுப்பதில் உரத்தைவிடச் சீரான நீர்ப் பாய்ச்சலே முதலிடம் பெறுகின்றது.

அறிகுறிகள்

காய் அதன் முழு அளவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வளர்ந்த நிலையில், நுனியில் நீர் கோத்தது போன்ற சிறு புள்ளி தோன்றும். அது விரிந்து, பழுப்பாகிப் பின்னர்க் கருத்து, தோல் போன்ற தட்டையான வடுவாக மாறும். சில காய்களில் வெளியே எதுவும் தெரியாமல் உட்பகுதி மட்டும் கருத்திருக்கும். பாதிக்கப்பட்ட காய்கள் பெரும்பாலும் முன்கூட்டியே சிவக்கின்றன. வடுவின்மீது பின்னர்ப் பூஞ்சைகள் வளர்வதால் இதனைப் பூஞ்சை நோய் எனத் தவறாகக் கருதுவோரும் உண்டு.

வெயில் பட்ட பக்கத்தில் வெண்மையான திட்டு இருப்பின் அது வெயில் கருகல் ஆகும். பழுத்த பழத்தின் எப்பகுதியிலும் வட்டக் குழிகள் தோன்றினால் அது பெரும்பாலும் பூஞ்சை நோயாகும். பூமுனை அழுகலோ பச்சைக் காய்களின் நுனியிலேயே தொடங்குகின்றது.

காரணம்

உயிரணுச் சுவர்களைப் பிணைத்து வைப்பதற்கும், உயிரணு மென்சவ்வுகள் உறுதியாக இருப்பதற்கும் கால்சியம் தேவைப்படுகின்றது. இது வேரிலிருந்து நீருடன் சேர்ந்து சைலக் குழாய்கள் வழியாக மேலேறுகின்றது. இலைகள் நீராவிப்போக்கு வழியாக மிகுதியான நீரை இழப்பதால், நீரும் அதனுடன் கால்சியமும் இலைகளுக்கே பெருமளவில் செல்கின்றன. காயின் தோலில் இலைத்துளைகள் இல்லை. ஆகவே அது ஈர்க்கும் நீர் மிகக் குறைவு. இலையை ஒருமுறை அடைந்த கால்சியம் புளோயம் வழியாகக் காய்க்குத் திரும்புவதும் அரிது. விரைந்து வளரும் காயில் காம்பிலிருந்து மிகத் தொலைவில் உள்ள நுனியே முதலில் பற்றாக்குறைக்கு ஆளாகின்றது.

கால்சியக் குறைவு மட்டுமே காரணமன்று என்றும், வறட்சி, உப்புத்தன்மை, வெப்பம் முதலிய நெருக்கடிகள் காயின் உயிரணுக்களை நேரடியாகவே சிதைக்கின்றன என்றும் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இருப்பினும் நடைமுறைத் தீர்வுகள் இரு கருத்துகளுக்கும் பொதுவானவையே.

இக்குறைபாட்டைத் தூண்டும் சூழல்கள்:

* மண் நன்கு காய்ந்தபின் ஒரேயடியாக மிகுதியான நீர் விடுதல்
* நீர் தேங்குதல், ஆழமாகக் களை கொத்துதல் ஆகியவற்றால் வேர் சேதமடைதல்
* தழைச்சத்து உரங்களை, குறிப்பாக அமோனியம் கலந்தவற்றை, அளவுக்கு மீறி இடுதல்
* பொட்டாசியம், மக்னீசியம் ஆகியன மிகுந்து கால்சியத்துடன் போட்டியிடுதல்
* உவர் நீர் அல்லது அமிலத்தன்மை மிகுந்த மண்

நீண்ட வடிவமுள்ள ரோமா, சான் மார்சானோ போன்ற வகைகள் எளிதில் பாதிக்கப்படுகின்றன. செர்ரித் தக்காளியில் இது அரிதாகவே காணப்படுகின்றது.

தடுப்பு முறைகள்

மண்ணின் ஈரத்தை ஏற்ற இறக்கமின்றிப் பேணுவதே அடிப்படைத் தடுப்பு முறையாகும். தரையில் வளரும் செடிகளுக்கு மழையையும் சேர்த்து வாரத்திற்கு ஏறத்தாழ 25 முதல் 40 மில்லிமீட்டர் நீர் போதுமானது எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. கோடையில் இது கூடும். வைக்கோல், காய்ந்த இலை முதலியவற்றை மூடாக்காக இடுவதால் ஈரம் விரைவில் உலர்வதில்லை. தொழு உரம் சேர்ப்பது மண்ணின் நீர் பிடிக்கும் திறனைக் கூட்டுகின்றது.

தொட்டிகளில் மண் குறைவாக இருப்பதால் ஈரம் வேகமாக மாறுகின்றது. எனவே பெரிய தொட்டிகளும், வெயில் காலத்தில் நாளுக்கு இருமுறை அளவாக நீர் விடுவதும் ஏற்றவை. தமிழ்நாட்டு மாடித் தோட்டங்களில் மிகுதியாகப் பயன்படும் தென்னை நார்க் கழிவில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே மிகுந்துள்ளன. அது கால்சியத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும் தன்மையும் உடையது. ஆகவே அதனை நன்கு கழுவி, மண்ணுடனும் மக்கிய உரத்துடனும் கலந்து பயன்படுத்துதல் நன்று.

அமில மண்ணில் நடவுக்குச் சில மாதங்களுக்கு முன்னரே வேளாண் சுண்ணாம்பு இட்டு, அமில கார நிலையை 6.5 அளவுக்குக் கொண்டு வரலாம். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் மண் ஏற்கனவே காரத்தன்மை உடையது. அங்குச் சுண்ணாம்பு இடுவது பயன் தராது. கால்சியம் தேவை என மண் பரிசோதனையில் தெரிந்தால் ஜிப்சம் இடலாம்.

பாதிப்பு தோன்றிய பின்

கருத்த பகுதி மீண்டும் நலமடையாது. அத்தகைய காய்களைப் பறித்து நீக்கிவிட்டால் செடியின் ஆற்றல் ஏனைய காய்களுக்குச் செல்லும். பெரும்பாலும் முதல் கொத்துக் காய்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன; நீர் விடுவதைச் சீர்செய்தால் அடுத்து வரும் காய்கள் நலமாக இருக்கும். ஆகவே செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. பூசணமோ இளக்கமோ இல்லாத பழத்தில் கருத்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதைச் சமைக்கலாம்.

கால்சியம் நைட்ரேட்டு, கால்சியம் குளோரைடு ஆகியவற்றின் கரைசலை இலைகளில் தெளிப்பதுண்டு. இலையில் சேரும் கால்சியம் காயை அடையாததால் இதன் பயன் குறைவு. செறிவு மிகுந்தால் இலைகள் கருகும். இது தொற்று நோய் அன்று என்பதால் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது வீண் செலவே ஆகும்.

முட்டை ஓடும் எப்சம் உப்பும்

முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அது மண்ணில் மிக மெதுவாகவே கரைவதால், காய்த்துக்கொண்டிருக்கும் செடிக்கு உடனடிப் பயன் தராது. எப்சம் உப்பு மக்னீசியம் சல்பேட்டு ஆகும். அதில் கால்சியமே இல்லை. மக்னீசியக் குறைவு இல்லாத மண்ணில் அதனை இடுவது கால்சியம் உறிஞ்சப்படுவதைக் குறைத்து, பாதிப்பை மிகுதியாக்கக்கூடும்.

பிற பயிர்கள்

குடைமிளகாய், கத்தரி, தர்ப்பூசணி, பூசணி வகைகள் ஆகியவற்றிலும் பூமுனை அழுகல் காணப்படுகின்றது. மகரந்தச் சேர்க்கை நடைபெறாத பூசணிப் பிஞ்சுகளும் நுனியிலிருந்து அழுகுவதால், அவற்றை இதனுடன் குழப்பிக்கொள்ளுதல் கூடாது.