நேற்று வச்ச மீன்குழம்பு

மீன்குழம்பு வைத்த அன்றைக்கு ருசியா, மறுநாள் ருசியா? யாரைக் கேட்டாலும் "மறுநாள்தான்"னு சொல்வாங்க. அது ஏன் தெரியுமா?

சமைத்தவுடன் உப்பு, புளி, காரம் எல்லாம் குழம்பில்தான் இருக்கும். மீனுக்குள் அவை மெதுவாகத்தான் இறங்கும். இரவு முழுக்க ஊறியதும் மீனும் குழம்பும் ஒரே ருசியாகிவிடும். மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில் கரையக்கூடியவை. அதனால்தான் மேலே மிதக்கிற நல்லெண்ணெய் சிவப்பாகத் தெரிகிறது!

சீக்கிரம் கெடாமல் இருப்பது எப்படி? புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. புளிப்பும் உப்பும் சேர்ந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகாது. தேங்காய் அரைத்து ஊற்றினால் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் மறுநாளைக்கு வைக்க நினைப்பவர்கள் தேங்காய் சேர்ப்பதில்லை. அலுமினியப் பாத்திரத்தைப் புளி அரிக்கும். மண்சட்டியை ஒன்றும் செய்யாது.

ஆனாலும் கவனம் தேவை! படுக்கும் முன் ஒரு கொதி, காலையில் ஒரு கொதி அவசியம். ஃப்ரிட்ஜ் இருந்தால் ஆறியதும் அதில் வைப்பது இன்னும் நல்லது. எச்சில் கரண்டி போடக் கூடாது. வாங்கும்போதே கெட்டுப்போன மீனை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நல்லதாகாது.

கடைசியாக ஒன்று. நமக்கெல்லாம் துண்டு போட்ட பிறகு, அம்மா வெறும் சட்டியில் சோறு போட்டுப் பிசைந்து, "இதுதான் ருசி"ன்னு சொல்வாங்க. அது பாதிதான் உண்மை! துண்டு தீர்ந்துபோச்சு என்பது மீதிப் பாதி. அடுத்த முறை அம்மாவுக்கு ஒரு துண்டு எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுங்க!